சேகரிப்புப் பொருளாகச் சுழல்துப்பாக்கி: ஒரு பொழுதுபோக்கின் வரலாறும் அதன் எல்லைகளும்

முன்னுரை

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிவதற்கு அரசாணைகளும் போர்க்குறிப்புகளும் மட்டும் போதா. அச்சமுதாயத்தார் எப்பொருள்களை விரும்பிச் சேர்த்தனர், எவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேணினர், எவற்றைக் கைவிட நேர்ந்தது என்பனவும் வரலாற்றுச் சான்றுகளே. நாணயம், அஞ்சல்தலை, ஓலைச்சுவடி ஆகியவற்றின் சேகரிப்பைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. படைக்கலச் சேகரிப்பைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில.

இக்கட்டுரையில் நாம் சுழல்துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறோம். மக்கள் வழக்கில் 'ரிவால்வர்' எனப்படும் இக்கைத்துப்பாக்கி 19ஆம் நூற்றாண்டில் போருக்கும் தற்காப்புக்கும் உரிய கருவியாகத் தோன்றியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அது விளையாட்டுக் கருவியாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் சேகரிப்புப் பொருளாயிற்று. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, கொல்வதற்கென்று செய்யப்பட்ட ஒரு பொருளை மரபுச் செல்வமாகக் கருத இயலுமா, இயலுமெனின் அதற்குரிய எல்லையைச் சட்டம் எங்கே வகுத்தது என்னும் வினாக்களை நாம் ஆராய்கிறோம்.

சொல்லும் பொருளும்

'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழியாகத் தமிழுக்கு வந்தது என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்தாகும். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் 'துப்பு ஆக்கி' எனப் பிரிந்து உணவை உண்டாக்குதல் என்னும் பொருள் தரும் தொடருக்கும் இக்கருவிப் பெயருக்கும் ஒலியொப்புமை தவிர வேறு தொடர்பில்லை. வகுப்பறையில் மாணவர் அடிக்கடி எழுப்பும் ஐயமாதலின் இதனை இங்குச் சுட்டுகிறோம்.

ஒரே குழலும், அதன் பின்னே பல அறைகளைக் கொண்டு சுழலும் ஓர் உருளையும் உடையது சுழல்துப்பாக்கி. பெரும்பாலும் உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள் இருக்கும். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போது உள்ளிருக்கும் சிறு நெம்பொன்று உருளையை ஓர் அறையளவு திருப்பும்; மற்றொரு தடுப்பு, அறையானது குழலுக்கு நேராக வந்தவுடன் உருளையை அசையாமல் நிறுத்தும். கட்டைவிரலால் சுத்தியலை இழுத்தபின் விசையை அழுத்தும் முறை ஒன்று. விசையை அழுத்தும் ஒரே செயலால் சுத்தியல் எழுந்து விழும் முறை மற்றொன்று. முன்னதை ஒற்றைச் செயல்முறை என்றும் பின்னதை இரட்டைச் செயல்முறை என்றும் வழங்குவர். சுடும் விளையாட்டினரும் சேகரிப்பாளரும் முதலில் நோக்குவது இவ்வேறுபாட்டையே.

தோற்றமும் தொழில்வளர்ச்சியும்

சுழலும் உருளை என்னும் கருத்து சாமுவேல் கோல்ட்டுக்கு முன்பே இருந்தது. எலிஷா காலியர் என்னும் அமெரிக்கர் 1818இல் சக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் சுழல்துப்பாக்கிக்கு இலண்டனில் காப்புரிமை பெற்றார். எனினும், அதனைப் பரவலான பயன்பாட்டுக்கு உரியதாக்கியவர் கோல்ட்டே ஆவார். அவர் 1835இல் பிரிட்டனிலும் 1836 பிப்ரவரி 25ஆம் நாள் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் 1842இல் வீழ்ச்சியுற்றது.

அவருக்கு மறுவாழ்வு தந்தது மெக்சிக்கோவுடனான போர். படைத்தலைவர் சாமுவேல் வாக்கரின் ஆலோசனைப்படி 1847இல் செய்யப்பட்ட 'வாக்கர்' வகைத் துப்பாக்கி ஏறத்தாழ 2 கிலோகிராம் எடை உடையது. இராணுவத்திற்கு 1,000, தனியாருக்கு ஏறக்குறைய 100 என்னும் அளவிலேயே அது உருவாக்கப்பட்டது. இவ்வெண்ணிக்கைச் சிறுமையே பிற்காலச் சேகரிப்பாளரிடையே அதற்குத் தனி மதிப்பைத் தந்தது என்பது நோக்கத்தக்கது.

1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் கோல்ட்டின் துப்பாக்கிகளும் ஆங்கிலேயரான இராபர்ட் ஆடம்சின் துப்பாக்கிகளும் வைக்கப்பட்டன. விசையை அழுத்தினாலே சுத்தியல் எழும் அமைப்பு ஆடம்சுடையது. கோல்ட்டின் சிறப்போ இயந்திரங்களால் ஒரே அளவில் உறுப்புகளைச் செய்யும் முறையில் இருந்தது. 1853இல் அவர் இலண்டன் பிம்லிக்கோவில் ஓர் ஆலையைத் திறந்தார்; சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. 1855இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் எழுந்த பேராலை நிலைத்தது. ஆகவே, சுழல்துப்பாக்கியின் வரலாறு இயந்திரத் தொழில் வரலாற்றின் ஒரு பகுதியுமாகும்.

அடுத்த திருப்பம் உலோகத் தோட்டாவால் விளைந்தது. உருளையின் அறைகளை முன்பின்னாக ஊடுருவத் துளையிடும் முறைக்கு ரோலின் ஒயிட் 1855இல் காப்புரிமை பெற்றிருந்தார். அவ்வுரிமையைப் பயன்படுத்தி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857இல் தன் முதல் சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. அவ்வுரிமை 1869இல் முடிவுற்றபின் அமெரிக்காவில் ஏனையோரும் அவ்வழியில் சென்றனர். கோல்ட் நிறுவனத்தின் 1873ஆம் ஆண்டு வகை அமெரிக்க மேற்குப் பகுதியின் அடையாளமாயிற்று. பிரிட்டன் இராணுவம் பர்மிங்ஹாம் நகரின் வெப்லி நிறுவனத்தின் துப்பாக்கியை 1887இல் ஏற்றது. குழலை முன்பக்கமாக மடித்தால் வெறுந்தோட்டாக்கள் தாமே வெளித்தள்ளப்படும் அமைப்பு அதனுடையது. பிரிட்டிஷ் ஆட்சி நடைபெற்ற நாடுகளில் அதிகாரிகளின் இடையில் தொங்கிய கருவி பெரும்பாலும் இவ்வகையே.

விளையாட்டாக மாறிய விதம்

குறிபார்த்துச் சுடுதல் ஒழுங்குபட்ட விளையாட்டாக அமைந்ததற்குப் பிரிட்டனின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் முக்கியக் காரணம். 1859இல் நிறுவப்பட்ட இச்சங்கத்தின் முதற்போட்டி 1860இல் விம்பிள்டனில் நடந்தது. விக்டோரியா அரசியார் முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். 1890இல் போட்டிகள் சர்ரே மாவட்டத்துப் பிஸ்லிக்கு மாறின. தொடக்கத்தில் நீள்துப்பாக்கிக்கே அங்கு முதன்மை இருந்தது. சுழல்துப்பாக்கிப் போட்டிகள் பின்னரே இடம்பெற்றன.

இத்துறையில் குறிப்பிடத்தக்கவர் வால்டர் வினான்ஸ். அமெரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் 1852இல் உருசியாவில் பிறந்தவர், இங்கிலாந்தில் வாழ்ந்தவர். சுழல்துப்பாக்கி சுடும் கலையைப் பற்றி இவர் எழுதிய நூல் 1901இல் வெளிவந்தது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடும்மான் இலக்குப் போட்டியிலும், 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சிற்பக்கலைப் போட்டியிலும் இவர் தங்கம் வென்றார். செல்வமும் ஓய்வும் உடைய ஒரு வகுப்பினரின் கையில் படைக்கலம் கலைக்கருவியாக உருமாறியதற்கு இவர் வாழ்க்கையே சான்று எனலாம்.

1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜான் பெயின், சம்னர் பெயின் என்னும் அமெரிக்கச் சகோதரர் இருவர் இராணுவக் கைத்துப்பாக்கிப் போட்டியில் முதல் இரண்டு இடங்களையும் பெற்றனர். அமெரிக்காவில் சுழல்துப்பாக்கிக்கென்றே ஒரு சங்கம் 1900இல் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலக்காளர் பெரிதும் விரும்பியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் உருசிய அரசுக்கெனச் செய்த 0.44 அங்குலத் துப்பாக்கியும் அதன் தோட்டாவுமாகும். போருக்கென ஓர் அரசு வாங்கிய கருவி அமைதிக்கால விளையாட்டினரின் விருப்பத்துக்குரியதானது. இத்தோட்டாவின் பெயரை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

துல்லியத்தோடு விரைவும் போற்றப்பட்டது. மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த எட் மெக்கிவர்ன் 1932இல் 15 அடி தொலைவிலிருந்து ஐந்து குண்டுகளை 0.45 விநாடியில் சுட்டார். 1938இல் வெளிவந்த அவருடைய நூலில் விரைவுக்கு அடிப்படை அவசரமன்று, இடைவிடாத பயிற்சியும் காலத்தை அளந்து பார்க்கும் முறைமையுமே என்பதை அறிகிறோம்.

சேகரிப்பும் மீளுருவாக்கமும்

1940களின் தொடக்கத்தில் கோல்ட் நிறுவனம் தன் 1873ஆம் ஆண்டு வகையைச் செய்வதை நிறுத்தியிருந்தது. 1950களில் தொலைக்காட்சியில் மேற்குப் பகுதிக் கதைகள் பெருகியதும் அதனை விரும்புவோர் பெருகினர். 1956இல் அந்நிறுவனம் மீண்டும் அதைச் செய்யத் தொடங்கியது. தேவை காரணமாக ஒரு பொருள் பழமையாவதற்குப் பதிலாகப் பழமை காரணமாக ஒரு பொருளுக்குத் தேவை எழுந்தமை இங்குக் காணத்தக்கது. 1961 முதல் 1965 வரை கொண்டாடப்பட்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் நூற்றாண்டு நினைவு இவ்விருப்பத்தை மேலும் வளர்த்தது. இத்தாலியின் வால் துரொம்பியா பள்ளத்தாக்கில் 1959இல் தொடங்கப்பட்ட ஊபெர்த்தி உள்ளிட்ட நிறுவனங்கள் பழைய வகைகளின் மறுபடிகளைச் செய்து ஏற்றுமதி செய்தன. பழங்கால உடையணிந்து பழைய வகைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டுக்கென ஒரு சங்கம் 1987இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது.

கருமருந்தால் சுடும் பழக்கம் தனியே எடுத்துரைக்கத்தக்கது. சுடுபவர் ஒவ்வோர் அறையிலும் மருந்தை அளந்து இடுவார். ஈயக் குண்டை நெம்புகோலால் அழுத்துவார். அருகிலுள்ள அறைகளுக்குத் தீ தாவாதிருக்கக் குண்டின் மேல் கொழுப்பைப் பூசுவார். அறையின் பின்புறத்து முனையில், தட்டினால் பொறி தரும் சிறிய செப்பு மூடியைப் பொருத்துவார். ஆறு முறை சுடுவதற்குப் பல நிமிடங்கள் ஆயத்தம் செய்ய வேண்டும். சுட்டபின் படியும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்குமாதலின், அன்றே சவர்க்காரம் கலந்த வெந்நீரால் கழுவி எண்ணெயிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் போர்வீரனின் நாளைப் பற்றி ஏடுகள் சொல்லாத பலவற்றை இவ்வேலை சொல்லிவிடுகிறது. ஆர்வலர் பலர் இதனை வரலாற்றுப் பயிற்சியாகக் கொள்வது இக்காரணம் பற்றியே.

சேகரிப்பாளரோ பெரும்பாலும் சுடுவதில்லை. உறுப்புகளில் பொறிக்கப்பட்ட வரிசை எண்கள் ஒத்திருக்கின்றனவா, உலோகத்தின் மூல நீலப்பூச்சு எஞ்சியுள்ளதா, ஆய்வாளர் முத்திரைகள் காலத்தோடு பொருந்துகின்றனவா என்பனவே அவர் நோக்குபவை. பழைய பூச்சை அகற்றிப் புதிதாக மெருகிட்டால் பொருள் அழகாகத் தோன்றும். ஆயினும் மதிப்பு குறைந்துவிடும். பழஞ்சுவடியில் அழிந்த எழுத்துகளின் மேல் புதுமை பூசியெழுதலைச் சுவடியறிஞர் விரும்பாததை ஒத்தது இது. கோல்ட்டின் 1851ஆம் ஆண்டு வகை உருளையில் 1843இல் டெக்சஸ் கடற்படை மெக்சிக்கோ கடற்படையோடு பொருத காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. அப்பொறிப்பு எவ்வளவு தேயாமல் உள்ளது என்பதே அப்பொருளின் தரத்தை அறியும் ஓர் அளவுகோல். பர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சோதனைச்சாலையின் முத்திரைகளும் காலக்கணிப்புக்கு உதவுகின்றன.

சேகரிப்பு, சந்தையையும் உருவாக்கியது. வாக்கர் வகைத் துப்பாக்கியொன்று 2018இல் 18 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. பில்லி த கிட் என்பவனைக் கொல்லப் பயன்பட்ட கோல்ட் துப்பாக்கி 2021இல் 60 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. முன்னதன் விலை அருமையால் வந்தது. பின்னதன் விலையோ ஒரு மனிதன் உயிரிழந்ததால் வந்தது. இவ்விரண்டும் ஒரே ஏலப் பட்டியல் மரபில் இடம்பெறுவது நம்மைச் சிந்திக்கவைக்கிறது.

டன்பிளேனும் அதன் பின்னும்

பிரிட்டனில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு கட்டுப்பாடு விதித்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் காவல்துறைத் தலைவரின் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. எனினும், இலக்கு சுடும் சங்கத்தில் உறுப்பினராய் இருப்போர் சான்றிதழுடன் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடிந்தது.

1996 மார்ச் 13ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் தொடக்கப்பள்ளியில் ஒருவன் 16 குழந்தைகளையும் அவர்தம் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கொணர்ந்தவை சட்டப்படி வைத்திருந்த நான்கு கைத்துப்பாக்கிகள்; அவற்றுள் இரண்டு சுழல்துப்பாக்கிகள். பொழுதுபோக்கிற்கென வழங்கப்பட்ட அனுமதியே பேரழிவுக்கு வாயிலானது. தடைகோரிய விண்ணப்பத்தில் 700,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். விசாரணை நடத்திய கல்லன் பிரபுவின் அறிக்கை முழுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. துப்பாக்கிகளின் முக்கிய உறுப்புகளைப் பிரித்து வைப்பது போன்ற வழிகளை ஆராயச் சொன்னது. அரசோ அதற்கு அப்பாற் சென்றது. 1997ஆம் ஆண்டின் முதற்சட்டம் 0.22 அங்குலத்திற்கு மேற்பட்டவற்றைத் தடுத்தது. ஆட்சி மாற்றத்திற்குப்பின் அதே ஆண்டில் வந்த இரண்டாம் சட்டம் எஞ்சியவற்றையும் தடுத்தது. 160,000க்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் இழப்பீட்டுடன் ஒப்படைக்கப்பட்டன. இத்தடை வட அயர்லாந்துக்கு விரிக்கப்படவில்லை.

குற்றமிழைக்காத பல்லாயிரம் பேர் ஒருவன் செயலுக்காகத் தம் விளையாட்டை இழந்தனர் என்பது விளையாட்டினரின் வாதம். குழந்தைகளின் உயிருக்கு முன் எந்தப் பொழுதுபோக்கும் நிகராகாது என்பது பெற்றோரின் வாதம். இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுக்க முயல்வது பொருந்தாது என நாம் கருதுகிறோம். முன்னது ஈடுசெய்யக்கூடிய இழப்பு. பின்னது ஈடுசெய்ய இயலாதது.

சட்டம் வகுத்த மூன்று எல்லைகள்

அழிப்பதொன்றே 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமாயிருந்திருப்பின் வரலாற்றுப் பொருள்கள் அனைத்தும் உலைக்குச் சென்றிருக்கும். அவ்வாறு நிகழவில்லை. மரபுப் பொருளையும் படைக்கலத்தையும் பிரிக்கச் சட்டம் மூன்று எல்லைகளைக் கையாண்டதை நாம் காண்கிறோம்.

முதலாவது காலம். 1919ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டு, எளிதில் கிடைக்காத தோட்டாவுக்குரிய துப்பாக்கியைச் சேகரிப்பின் பகுதியாக வீட்டில் வைக்கச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இடமளித்தது. இரண்டாவது தோட்டா. வாய்வழி மருந்திடும் பழைய வகைகள் தடையிலிருந்து விலக்குப் பெற்றன. எனினும் அவற்றைச் சுடுவதற்குச் சான்றிதழ் தேவை. மூன்றாவது இடம். அருமை, கலையழகு, தொழில்நுட்பச் சிறப்பு, வரலாற்று முதன்மை ஆகியவற்றால் சிறந்தவற்றைப் பிஸ்லி போன்ற குறித்த இடங்களில் வைத்து, அங்கேயே சுட அனுமதி தரப்பட்டது. உரிமையாளர் தம் பொருளைக் காணவும் கையாளவும் அங்குச் செல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற்குக் கைத்துப்பாக்கிப் போட்டியினர் அரசின் சிறப்பு அனுமதி பெறவேண்டியிருந்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இவ்வெல்லைகள் நிலையானவை அல்ல. வழக்கொழிந்த தோட்டாவுக்குரிய பழம்பொருள்களை அலங்காரமாகவும் அரும்பொருளாகவும் சான்றிதழின்றி வைத்துக்கொள்ள 1968ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்திருந்தது. குற்றவாளிகள் அத்தகைய பழைய துப்பாக்கிகளுக்குத் தோட்டாக்களைச் செய்து பயன்படுத்தத் தொடங்கினர். ஆகவே, 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகள் 'பழம்பொருள்' என்பதற்கு வரையறை தந்ததுடன், ஏழு வகைத் தோட்டாக்களை வழக்கொழிந்தவற்றின் பட்டியலிலிருந்து நீக்கின. அவ்வேழனுள் ஒன்று, வினான்ஸ் காலத்து இலக்காளர் போற்றிய அதே 0.44 அங்குல உருசியத் தோட்டா. 19ஆம் நூற்றாண்டில் விளையாட்டின் பெருமையாயிருந்த ஒன்று, நூறாண்டு பழம்பொருளாகக் கிடந்து, 21ஆம் நூற்றாண்டில் மீண்டும் படைக்கலமாயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. பழமை என்பது பொருளின் உள்ளியல்பன்று. அதனைச் சூழ்ந்துள்ள தொழில்நுட்பமும் மக்களின் நோக்கமும் சேர்ந்தே ஒன்றைப் பழம்பொருளாக்குகின்றன. தோட்டா கிடைக்காதவரை அது அருங்காட்சிப் பொருள். கிடைத்த நாளில் அது ஆயுதம். அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டமோ 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டதைப் பழம்பொருள் என ஆண்டையே முதன்மை அளவுகோலாகக் கொள்கிறது. இரு நாடுகளின் வேறுபாடு, ஒன்று ஆண்டை நோக்குவதிலும் மற்றொன்று பயனையும் நோக்குவதிலும் அமைந்துள்ளது.

நம் வட்டாரம்

மலாயாவில் 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருத்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் படைக்கலக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதித்தன. மலேசியாவில் 2023இல் கட்டாய மரணதண்டனை நீக்கப்பட்டபோதும் கட்டுப்பாட்டின் கடுமை தளரவில்லை. ஆதலின், சுழல்துப்பாக்கிச் சேகரிப்பு இங்கு மக்கள் பொழுதுபோக்காக வேர்கொள்ளவில்லை. தோட்டப்புறத் தமிழர் சுழல்துப்பாக்கியைக் கண்டது துரையின் இடையிலும் காவலர் இடையிலுமே. அவர்களுக்கு அது அரும்பொருளன்று, அதிகாரத்தின் அடையாளம். ஒரே பொருளைப் பிஸ்லியில் நின்று காண்பதும் தோட்டத்து வரிசை வீட்டில் நின்று காண்பதும் வேறு வேறு என்பதை நம் ஆய்வாளர் மறத்தல் ஆகாது.

முடிவுரை

சுழல்துப்பாக்கிச் சேகரிப்பு தொழில் வரலாற்றுக்கும் உலோகக் கலைக்கும் அளித்த பங்கு பெரிது. வரிசை எண்களையும் முத்திரைகளையும் நுணுகி ஆய்ந்த ஆர்வலர் இலராயின் பல செய்திகள் மறைந்தே போயிருக்கும். அதே வேளையில், பொருளின் அழகு அதன் தொழிலை மறைத்துவிடக் கூடாது. பிரிட்டன் சட்டம் காலம், தோட்டா, இடம் என வகுத்த எல்லைகள் குறையற்றவை அல்ல. 2021இல் அவை திருத்தப்பட வேண்டியிருந்ததே அதற்குச் சான்று. ஆயினும், நினைவைப் பேணவும் உயிரைக் காக்கவும் ஒருசேர முயன்ற ஏற்பாடு என்னும் வகையில் அவை கற்கத்தக்கவை. மரபைப் பேணுதல் என்பது எல்லாவற்றையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வதன்று. சிலவற்றைப் பூட்டி வைத்து, அவை எதற்காகச் செய்யப்பட்டன என்பதை மறவாமல் கற்பிப்பதும் பேணுதலே. அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், பேழைக்குள் இருக்கும் துப்பாக்கியின் ஆண்டையும் பெயரையும் சொல்வதோடு நில்லாமல், அது யார் கையில் இருந்தது, யாரை நோக்கியிருந்தது என்றும் வினவச் செய்வாராயின் இவ்வரலாறு முழுமை பெறும்.